கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்

தம்பி,

நீ போன ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்துவிட்டுப் போன கலியாணக் கார்டின் மாதிரிப் பிரதி இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. தங்க எழுத்தில் ஒரு பக்கம் அபியின் அப்பா அம்மா பெயர்கள், மற்றப் பக்கம் என் பெயரும் உன் அப்பாவின் பெயரும். அப்பாவின் பெயருக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடம் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். "அம்மா, உதில அமரர் எண்டு போடுறதோ விடுறதோ? புதன்கிழமைக்குள்ள பிரிண்டருக்குச் சொல்லோணும்" என்று கேட்டாய். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. நீயும் அதைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுப் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு அஜக்ஸிலுள்ள உன் வீட்டுக்குப் போய்விட்டாய். பேசாமல் போகிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அப்பாவிடமிருந்து வந்திருக்க வழியே இல்லை.

அந்த ஒரு சொல்லில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். அமரர் என்று போட்டால் உன் அப்பா இறந்துவிட்டார் என்று நான் ஊரறியச் சொன்னதாகும். பிறகு நெற்றியில் பொட்டு எதற்கு, கழுத்தில் தாலிக்கொடி எதற்கு என்று கேட்பார்கள். மணவறையில் பெற்றோர் இருந்து செய்கிற சடங்குக்கு ஒஷாவாவிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து இருப்பார்கள். நான் பின்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்து உன் முதுகைப் பார்க்க வேண்டும். போடாமல் விட்டால் மனிதர் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம், அப்படியென்றால் மகனின் கலியாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அபியின் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

பதில் சொல்லுமுன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பந்தைப் பற்றியது, சிரிக்காதே. தொண்ணூறுகளில் நீ அந்த ஐரிஷ் பந்தில் அடித்த புள்ளிகளை உன் கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். உன் நிச்சயதார்த்தத்தன்றும் ஒருவன் சோடாப் போத்தலைக் கம்பமாக வைத்து எனக்கே விளங்கப்படுத்தினான். நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். அந்தப் புள்ளிகள் விழுந்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

அப்பா போனபோது உனக்கு மூன்று வயது. அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். காலையில் சைக்கிளில் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சந்தியில் வைத்து வான் வண்டி ஒன்றில் ஏற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்த நேரம் சந்தியில் வானே நிற்கவில்லை என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். சைக்கிள் மட்டும் வேலியோடு சாத்தியிருந்தது, ஒழுங்காகப் பூட்டி. கொண்டுபோனவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்கு நான் சொன்னதெல்லாம் அப்பாவைக் காணவில்லை என்ற ஒரு வசனம்தான். எந்தச் சந்தி, என்ன நேரம், என்ன உடுப்பு, ஒன்றும் சொன்னதில்லை. நாங்கள் கனடாவுக்குக் கொண்டுவந்த படமும் ஒன்றே ஒன்று, அது கலியாணப் படம். அதில் அவர் பட்டு வேட்டியோடும் தலைப்பாகையோடும் நிற்கிறார்.

காணாமல் போன ஆளுக்கு நாள் இல்லை, திவசம் இல்லை. இறந்தவர் வீட்டுக்கு ஊர் வந்து அழுதுவிட்டுப் போகும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் என்ன முகம் வைப்பதென்று தெரியாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நான் சாத்திரம் கேட்கப் போனேன். ஊரில் ஒருவர் தெற்குத் திசையில் இருக்கிறார் என்றார். ஸ்காபரோவில் அடுக்குமாடி ஒன்றில் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிற ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார் என்றார். நாங்களே கடல் தாண்டித்தானே ஐயா இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். கடைசியில் கோயிலில் பூக்கட்டிக் கேட்போம் என்று போனேன். ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்தினார்களே, அங்கே. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே சுற்றிச் சாமியின் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் ஓம், சிவப்பு வந்தால் இல்லை. ஐயர் என் கேள்வியைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "கலியாணம் பொருந்துமோ, வீடு வாங்கலாமோ, உதுகளுக்குத்தான் பூக்கட்டலாம் அம்மா. உயிர் இருக்கோ இல்லையோ எண்டு கேக்கப்படாது. என்ன பதில் வந்தாலும் நீங்கள் தாங்கமாட்டியள்." நான் தாங்குவேனோ இல்லையோ என்று இவருக்கு யார் சொன்னது என்று எனக்குச் சரியான கோபம். கேள்வியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கோடையில்தான் நீ கீரனிடம் பிடிபட்டாய். உங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு வாத்தியார், பெயர் கீரன் என்று நீ சொன்னபோது எங்கடை பொடியன் யாரோ வாத்தியாராக வந்திருக்கிறான் என்று சந்தோசப்பட்டேன். வந்து நின்றது செம்பட்டைத் தலையும் சிவந்த மூக்குமாக ஓர் ஐரிஷ்காரன். என்னைப் பார்த்து, உன் மகன் கையிலிருந்து பந்தை விட்டு உதைக்கிற உதை யாருக்கும் சொல்லிக்கொடுத்து வராது, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் விடு என்று கேட்டான். நீ தனியே போவதென்றால் விடமாட்டேன் என்றேன். சரி, நீயும் என் வானில் ஏறு என்றான். நாங்கள் அப்போது இருந்த மல்வேர்னிலிருந்து அந்த வானின் முன் ஆசனத்தில் ஏறி, சோளத் தோட்டங்களின் நடுவிலிருந்த அந்த மைதானத்துக்கு நான் வந்த கதை இதுதான். உனக்கு என் வரவு வெட்கம் என்று தெரியும். அதற்காக நான் வராமல் விடவில்லை.

அது என்ன விளையாட்டு என்று விளங்கவே எனக்கு ஒரு மாதம் எடுத்தது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், காலால் தட்டித் திரும்பக் கையில் எடுக்கிறார்கள், குத்துகிறார்கள், உதைக்கிறார்கள். கோல் கம்பம் இரண்டும் வானத்துக்கு நீண்டு நிற்கும், நடுவில் ஒரு குறுக்குத்தடி, அதற்குக் கீழே வலை. வலைக்குள் போனால் மூன்று புள்ளி, தடிக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. ஒவ்வொரு கம்பத்தின் அருகிலும் டாக்குத்தர்மார் போடுகிற மாதிரி நீள வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நிற்பார். வலைக்குள் போனால் பச்சைக் கொடி. தடிக்கு மேலால் போனால் வெள்ளைக் கொடி. வெளியே போனால் கொடி இல்லை, வெறும் கையைத் தலைக்கு மேலே குறுக்கே ஆட்டுவார்கள். அந்த வெள்ளைக் கோட்டு மனிதர்கள் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, பந்து வருகிறவரை அசைவதுகூட இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு முதுகு கூசும். அவர்களுக்குப் பின்னால் ஒரு துண்டு வெறும் புல், பிறகு வேலி, வேலிக்கு அப்பால் ஆள் உயரத்துக்குச் சோளம். காற்றில்லாத நாளிலும் அந்தச் சோளம் சரசரக்கும்.

முதல் புள்ளி உனக்கு நினைவிருக்கும். பக்கக் கோட்டில், நான் இருந்த மடக்குக் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்று அடித்தாய். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கம்பமும் ஒன்றாய்த் தெரிந்தன. இதுக்குள்ளால் பந்து போகாது என்று எனக்கே தெரிந்தது. நீ கையிலிருந்து பந்தை விட்ட நேரம் எனக்குள் அந்தக் கேள்வி தானாக எழும்பியது. அவர் இருக்கிறாரென்றால் இது மேலால் போகட்டும். கேட்டுவிட்டேன், வாபஸ் வாங்க நேரமில்லை. பந்து சோளத் தோட்டத்துக்குத்தான் போனது. போகிற வழியில், யாரோ கூப்பிட்டுத் திரும்பினாற்போல் மெல்லத் திரும்பி, கம்பங்களின் நடுவால் போய் விழுந்தது. வெள்ளைக் கோட்டுக்காரர் குனிந்து வெள்ளைக் கொடியை எடுத்தார். எல்லாரும் காற்று என்று கத்தினார்கள். என் சீலைத் தலைப்பு அசையாமல் கிடந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கிட்ட நின்று அடிக்கிற சின்னப் பந்துக்குக் கேட்கக்கூடாது, அது சாமியை ஏமாற்றுகிற வேலை. அடிக்கடியும் கேட்கக்கூடாது. யாராலும் முடியாது என்று எல்லாரும் முகத்தைத் திருப்புகிற பந்துக்கு மட்டும் கேட்பது. கேட்ட பந்து ஒன்றுகூட வெளியே போகவில்லை தம்பி. நான் கேட்காத பந்தை நேரே முன்னால் நின்று அடித்தும் வெளியே விட்டாய். கீரன் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் வந்து, இவன் சுலபமானதை விடுகிறான், முடியாததை அடிக்கிறான், வீட்டில் என்ன சாப்பாடு கொடுக்கிறாய் என்று கேட்டான். புட்டு என்றேன். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பொட்டைத் திருத்தி வைக்கும்போது எனக்கு இருந்த நிம்மதி வேறு எந்தக் கோயிலிலும் கிடைக்கவில்லை. நான் வெட்கப்படவில்லை. ஐயர் கேட்கவிடாததை நான் வேறு இடத்தில் கேட்டேன், அவ்வளவுதான்.

மழைக்குள் அடித்த அந்த ஒன்றுதான் முதலில் என்னைப் பயப்படுத்தியது. பந்து நனைந்து பாரமாகி இருந்தது. நீ அடித்தது வலது பக்கக் கம்பத்தில் பட்டு, நேரே கீழே வந்து குறுக்குத்தடியில் விழுந்தது. விழுந்த பந்து துள்ள வேண்டும், துள்ளவில்லை. தடியின்மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நான் மூச்சு விடாமல் இருந்த நேரம். வெள்ளைக் கோட்டுக்காரர் இரண்டு பேரும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பந்து பின்பக்கமாக, யாரோ பக்குவமாக எடுத்து வைத்ததுபோல, புல்லில் இறங்கியது. உன் கூட்டாளிகள் அதைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள். அன்றைக்கு மைதானத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கீரன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்று கீரனின் வான் பழுதாகி, நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். நீ ஜன்னல் பக்கம் இருந்தாய். உதைக்கப் போகுமுன் ஏன் ஒவ்வொரு முறையும் நாடியை நிமிர்த்திச் சோளப் பக்கம் பார்க்கிறாய் என்று நான் சும்மாதான் கேட்டேன்.

"அந்த ஆளைப் பாக்கிறனான் அம்மா."

"எந்த ஆள்?"

"கோல் நெற்றுக்குப் பின்னால நிப்பார். எங்கட ஆள்தான். கையை இப்பிடித் தூக்கிக் காட்டுவார். அந்தக் கைக்கு அடிச்சா உள்ளுக்கப் போகும். எப்பவும் வரமாட்டார், கஷ்டமான ஷொட் எண்டா மட்டும்தான்."

"என்ன உடுத்திருக்கிறார்?" என்று கேட்டேன்.

"வெள்ளை சேர்ட், நீளக் காற்சட்டை. வலது கால் மட்டும் மடிச்சு விட்டிருக்கிறார், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ. ஸ்டைல் அம்மா. எங்கட ஸ்கூல் பொடியளும் இப்ப ஒரு காலைத்தான் மடிச்சு விடுறவங்கள். ஆனா அவருக்கு வயசு கூட." நீ சிரித்தாய்.

ஸ்டைல் இல்லை தம்பி. சைக்கிள் சங்கிலியில் துணி மாட்டாமல் இருக்க வலது காலை மடித்து விடுவார்கள், ஊரில் சைக்கிள் ஓடுகிற ஆம்பிளைகள் எல்லாரும். அன்று காலை உன் அப்பா முற்றத்தில் ஒற்றைக்காலில் நின்று அதை மடித்தபோது விழப்பார்த்தார், நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டேன். சந்தியில் இறங்கி அதை இழுத்து விட அவருக்கு நேரம் கொடுத்தார்களோ தெரியாது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த காலைப்பொழுது. பஸ் நின்றதும் நீ எழும்பினாய். தலை சுற்றுகிறது என்று சொன்னேன், நீ என் கையைப் பிடித்து இறக்கினாய்.

அடுத்த நாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில்தான் மிச்சம் விளங்கியது. அவர் உயிரோடிருக்கிறாரென்றால் பந்து போகட்டும் என்று நான் கேட்டேன். பந்து போனது, நானும் நம்பினேன். ஆனால் பந்துக்கு வழி காட்டியவரே அவர் என்றால், யாழ்ப்பாணத்துச் சந்தியிலிருந்து கடவுச்சீட்டில்லாமல் சோளத் தோட்டத்துக்கு வந்து நிற்கிறவர் உயிரோடிருக்கிறவரா? ஓம் என்று நான் வாங்கிய ஒவ்வொரு பதிலும் இல்லை என்ற பதில்தான். வெள்ளைக் கொடி ஏறஏற நான் பொட்டைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தொழிற்சாலையில் பெட்டி மூடுகிற மெஷினில் அன்று எனக்குக் கை ஓடவில்லை. சுப்பவைசர் வந்து சுகமில்லையா என்று கேட்டான். பெரியப்பா ஒவ்வொரு வருடமும் சொல்லுவாரே, "அந்தியேட்டிக் கிரியையைச் செய்து விடுவம் பிள்ளை, செய்யாட்டி ஆத்மா அலையும்" என்று, அதற்கு நான் அவரோடு கதைக்காமல் விட்டேனே, அந்தச் சொல் நாள் முழுக்கக் காதுக்குள் நின்றது. அலைவதென்றால் எங்கேயோ காற்றில் அலைவதென்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கண்ணுக்கு முன்னால் என்று நினைக்கவில்லை.

பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். கடைசி விளையாட்டு வரை ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாள் சோளம் வெட்டாமல் காய்ந்து நின்றது, மைதானத்தில் பனிப்புகார் இறங்கி, இந்தக் கோலில் நின்றால் அந்தக் கோல் தெரியவில்லை. முடிகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சரிசமன். உன்னை யாரோ தள்ளி விழுத்தினார்கள், விசில் ஊதினார்கள், பந்தை உன் கையில் தந்தார்கள். நீ நின்ற இடத்திலிருந்து கம்பம் சரியாகத் தெரிந்திராது. நான் கதிரையை விட்டு எழும்பினேன். கோட்டைச் சுற்றி நடந்து, வலைக்குப் பின்னால், அந்த வெறும் புல்லில் போய் நின்றேன். ஏன் போனாய் என்று கேட்டால், புருசன் நிற்கிற இடத்துக்குப் பெண்சாதி போகக் காரணம் வேண்டுமா?

அங்கே ஒருவரும் இல்லை. புல் ஈரமாக இருந்தது. சோளத்தின் சத்தம் மட்டும் திடீரென்று நின்றுவிட்டது, அடுப்பை அணைத்ததும் கொதிப்பு அடங்குமே அப்படி. வெள்ளைக் கோட்டு இளைஞன் ஒருவன் திரும்பி, அம்மா, இங்கே நிற்கக்கூடாது, பந்து முகத்தில் படும் என்றான். மற்றக் கம்பத்தடியில் நின்ற கிழவர், எத்தனையோ வருடமாக அந்த இடத்தில் கொடி பிடிப்பவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த இரண்டு பேரையும் விடு. அவர்கள் அங்கேயே நிற்கட்டும்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அவ்வளவு ஆங்கிலம் எனக்கு அப்போது வந்துவிட்டது. இளைஞன் என்னைப் பார்த்தான், என் பக்கத்தைப் பார்த்தான், பிறகு சட்டென்று மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்த்தால் இருந்ததும் போய்விடும் என்று பயம். முன்னால் பார்த்தபடியே மெல்லச் சொன்னேன், "வீட்டை வாங்கோவன். தம்பி வளந்திட்டான். எவ்வளவு காலம் இப்பிடி வெளியில நிக்கப்போறியள்?" புகாருக்குள் தூரத்தில் உன் முகம் ஒரு சின்னப் பொட்டாக மங்கித் தெரிந்தது. நீ நாடியை நிமிர்த்தினாய். பந்து வருகிற சத்தம் முதலில் வந்தது, பந்து பிறகுதான் வந்தது. தடிக்கு மேலால், நேரே எங்களை நோக்கி வந்து, என் காலடியில் விழுந்து, என் இடது பக்கமாக ஒரு முழம் உருண்டு, புல்லில் எதிலும் படாமல் நின்றது. கிழவர் கொடியை உயர்த்தினார். புகாருக்கு அப்பால் எல்லாரும் கத்துகிற சத்தம் கேட்டது, உன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். என் பக்கத்தில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உன் அப்பாவை உனக்குத் தெரியாது. ஊரில் பந்து விளையாட்டு நடந்தால் கோட்டுக்கு வெளியே அவரைப் பிடித்து வைக்க இரண்டு பேர் வேண்டும். றெஃபரியை அடிக்கப் போவார், சொந்தக் கோலியை ஏசுவார், நம்மவன் ஒரு கோல் போட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடுவார். அடுத்த வீட்டுப் பொடியன் போட்ட கோலுக்கே மூன்று நாள் தொண்டை கட்டியிருந்த மனிதர் அவர். பெற்ற மகன் இப்படி ஒரு புள்ளி அடிக்க, உயிரோடிருக்கிற உன் அப்பா பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்பாரா? நிற்கமாட்டார். எந்தச் சாத்திரக்காரரும் சொல்லாததை அது எனக்குச் சொன்னது.

அப்போதே ஏன் பொட்டை அழிக்கவில்லை, அந்தியேட்டியை ஏன் செய்யவில்லை என்று நீ கேட்பாய். செய்தால் அவர் வரமாட்டார். அதுதான் காரணம், வேறு சாட்டுச் சொல்லப்போவதில்லை. நீ அந்த வருடத்தோடு பந்தை விட்டுவிட்டு யூனிவர்சிட்டிக்குப் போனாய், நான் அதற்குப் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறி அந்த மைதானத்துக்குப் போனேன். வேறு பிள்ளைகள் விளையாடினார்கள். நான் வலைக்குப் பின்னால் நிற்பேன். கொடி பிடிக்கிற கிழவர் எனக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார், பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை தூக்கிக் காட்டுவார். இருக்கிற புருசனோடு பெண்சாதிகள் சினிமாவுக்குப் போனார்கள், நான் அங்கே போனேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்குப் போதுமாக இருந்ததா என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை, நீ அந்தக் கார்டை மேசையில் வைக்கும்வரை.

அபியைக் கட்டப்போகிறவனுக்கு ஒரு தாய் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஒன்றைமட்டும் சொல்கிறேன். அபியிடம் கேட்க வேண்டியதை அபியிடமே கேள். பந்திடம் கேட்காதே, பூவிடம் கேட்காதே, அவள் முகத்தைப் பார்த்து நீயே ஒரு பதிலை உண்டாக்கிக்கொள்ளாதே. வாயிருக்கிற இரண்டு பேர் ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. சண்டை பிடியுங்கள், சத்தம் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டட்டும். உன் அப்பாவும் நானும் சேர்ந்து வாழ்ந்த அந்த நாலு வருடத்தில் பிடித்த சண்டைகளை நினைத்துத்தான் நான் இவ்வளவு காலமும் குளிர்காய்ந்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சொல்லைப் போடாமல் விட்டால் அவர் உன் கலியாணத்துக்கும் வருவார். மண்டபத்துக்குள் வரமாட்டார். கதவுக்கு அப்பால், கார்கள் நிற்கிற பக்கம், ஒரு காலை மடித்து விட்டுக்கொண்டு, நீ ஏதும் கஷ்டப்படுகிறாயோ என்று பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே மேளம் அடிக்கும், அவர் வாய் திறக்கமாட்டார். அந்த வாயாடி மனிதரை அப்படி நிற்க வைக்க எனக்கு இனி மனமில்லை. அவருக்குக் கால் நோகும் தம்பி.

அமரர் என்று அடி. கலியாணத்துக்கு முன்னால் அந்தியேட்டியைச் செய்வோம், ஐயரிடம் நாள் கேட்டுவிட்டேன், பெரியப்பாவுக்கும் நானே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவர் பாவம், போனிலேயே விம்மினார். மணவறையில் யார் இருப்பது என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். நான்தான் இருப்பேன். பொட்டில்லாமல், தாலிக்கொடியில்லாமல், உன்னைப் பெற்று வளர்த்தவள் என்ற ஒரு காரணத்தோடு உன் பக்கத்தில் இருப்பேன். ஆகாது என்று சொல்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இதை வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுக்காதே, நேரே வா. அவர் போன நாளிலிருந்து இன்றுவரை நான் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இருக்கிற ஆளுக்கு அழக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். இப்போது அழ வேண்டும், தனியே அழ எனக்குப் பயமாக இருக்கிறது. வந்து பக்கத்தில் இரு.

அம்மா